உடனிருந்தே கற்ற சீடர் ஆனந்தர்



வீரபாண்டியிலும் அதைச் சுற்றிலும் உள்ள பனியன் கம்பெனிகளில் நம்மோடு வேலை செய்யும் வடமாநிலச் சகோதரர்களில் பலர் பீகாரிலிருந்து வந்தவர்கள். பிழைப்பைத் தேடி வந்த ஏழைகள் என்றே அவர்களை நாம் பார்க்கிறோம். ஆனால் இராஜகிருகமும் வைசாலியும் அவர்களுடைய மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் உடல் தளர்ந்த ஒரு முதிய குருவும், அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்ற ஒரு சீடரும் நடந்தார்கள். குரு கௌதம புத்தர். சீடர் ஆனந்தர்.

பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. மணிமேகலை பிறந்த தமிழுக்கும் புத்த சமயம் அந்நியமல்ல. எனவே ஆனந்தருடைய வாழ்வை இன்று சற்று சிந்திப்போம். நோயுற்றவரின் அருகில் இருப்பது என்றால் என்ன என்பதை அவரிடம் நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஊதியம் கேட்காத பணியாளர்

ஆனந்தர் சாக்கிய குலத்தவர், புத்தருக்குச் சிற்றப்பன் மகன் முறை. அநுருத்தர், தேவதத்தன் முதலிய அரச குல இளைஞர்களோடு அவரும் துறவு பூண்டார். அவர்களோடு நாவிதரான உபாலியும் வந்திருந்தார். குலப் பெருமை ஒழியவேண்டும் என்பதற்காக அந்த இளைஞர்களே உபாலிக்கு முதலில் துறவு அளிக்கும்படி வேண்டிக்கொண்டார்கள். அதனால் பின்னால் துறவு பெற்ற அவர்கள் உபாலியை மூத்தவராக வணங்கவேண்டியதாயிற்று.

முதல் 20 ஆண்டுகள் புத்தருக்கு நிலையான பணியாளர் எவரும் இல்லை. 55 வயதை நெருங்கியபோது, தமக்கு வயதாகிவிட்டது, உடனிருக்க ஒருவர் தேவை என்று அவர் தெரிவித்தார். சாரிபுத்தர் உட்பட மூத்த சீடர்கள் ஒவ்வொருவராக முன்வந்தார்கள். ஆனந்தர் மட்டும் பேசாமல் அமர்ந்திருந்தார். ஏன் கேட்கவில்லை என்று மற்றவர்கள் வினவியபோது, தம்மால் ஆகுமா என்பது குருவுக்கே தெரியும், விரும்பினால் அவரே அழைப்பார் என்று அமைதியாக இருந்துவிட்டார். புத்தரும் அவரையே தேர்ந்துகொண்டார்.

அப்போது ஆனந்தர் எட்டு வரங்கள் கேட்டார் என்று மரபு கூறுகிறது. குருவுக்குக் கிடைக்கும் நல்ல ஆடை, நல்ல உணவு, தனி உறைவிடம், விருந்து அழைப்பு இவை எதுவும் தமக்குத் தரப்படக்கூடாது என்பவை முதல் நான்கு. ஆதாயத்துக்காகப் பணி செய்கிறார் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா? தொலைவிலிருந்து வருபவர்களை உடனே அழைத்து வரவும், ஐயம் எழும்போதெல்லாம் கேட்கவும், தாம் இல்லாத இடத்தில் சொல்லப்பட்ட போதனையைத் திரும்பக் கேட்கவும் உரிமை வேண்டும் என்பவை மற்ற வரங்களில் அடங்கும்.

அன்று தொடங்கிய பணி 25 ஆண்டுகள் நீடித்தது. முகம் கழுவத் தண்ணீர் வைப்பது, கால் கழுவிவிடுவது, முதுகு பிடித்துவிடுவது, அறையைப் பெருக்குவது. இரவில் விளக்கேந்தி அறையை ஒன்பது முறை சுற்றி வருவார், கூப்பிட்டால் உடனே போகவேண்டும் என்பதற்காக. இவற்றில் ஒன்றுகூடப் பெரிய செயல் அல்ல. ஆனால் கேட்ட போதனைகளையெல்லாம் நினைவில் பதித்துக்கொண்டவரும் இவரே. பெண்களுக்கும் துறவு வழங்கவேண்டும் என்று மகாபிரஜாபதி கௌதமிக்காகக் குருவிடம் வாதாடி இசைவு பெற்றுத் தந்தவரும் இவரே.

ஒருமுறை இருவரும் துறவியர் தங்கும் இடங்களைப் பார்த்துக்கொண்டு சென்றபோது, வயிற்றுப்போக்கினால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு துறவியைக் கண்டார்கள். அவர் பிறருக்கு எதுவும் செய்யாதவர் என்பதால் ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட்டார். தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். பின்பு புத்தர் சங்கத்தைக் கூட்டினார். தாயும் தந்தையும் உடன் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்று கேட்டார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் கற்பித்தார். இதைப் படிக்கும்போது, மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வராமல் போகுமா?

குருவின் கடைசிப் பயணம்

புத்தருக்கு 80 வயது. வைசாலிக்கு அருகில் உள்ள வேளுவக் கிராமத்தில் மழைக்காலத்தைக் கழித்தபோது கடும் நோய் அவரைத் தாக்கியது. வேதனையைத் தாங்கிக்கொண்டு ஓரளவு தேறினார். ஆனந்தரோ, குருவின் நோயைக் கண்டதில் தம் உடலே துவண்டுவிட்டது, திசையே தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். மரணப்படுக்கையில் கிடப்பவரைப் பல நாள் கவனித்த எவருக்கும் இந்த நிலை புரியும்.

சங்கத்துக்கு இறுதியாக ஏதேனும் சொல்லாமல் குரு போகமாட்டார் என்று ஆனந்தர் நம்பியிருந்தார். ஆனால் மறைத்துவைத்த போதனை எதுவும் தம்மிடம் இல்லை என்று புத்தர் தெளிவாக்கினார். தம் உடல் வாரால் கட்டி இழுக்கப்படும் பழைய வண்டியைப் போல் ஆகிவிட்டது என்றார். இனிக் கேட்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. உடன் நடப்பது மட்டுமே மீதி இருந்தது.

பாவா என்னும் ஊரில் சுந்தர் என்ற கொல்லர் அளித்த உணவுக்குப் பின் குருதியோடு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. வழியில் ஒரு மரத்தடியில் அமர்ந்து புத்தர் தண்ணீர் கேட்டார். அப்போதுதான் 500 வண்டிகள் ஓடையைக் கடந்து போயிருந்ததால் நீர் கலங்கிக் கிடந்தது. சற்றுத் தொலைவில் நல்ல ஆறு இருக்கிறதே என்று ஆனந்தர் இருமுறை தடுத்தார். மூன்றாம் முறை கேட்டபின் ஓடைக்குப் போய்ப் பார்த்தால், தண்ணீர் தெளிந்திருந்தது. பணிவிடை செய்பவர் நல்லெண்ணத்தோடு தடுப்பதும் உண்டு. நோயாளியின் தேவை அதைவிட எளிதாக இருப்பதும் உண்டு.

உணவு கொடுத்த சுந்தர் குற்ற உணர்வில் வாடிவிடக்கூடாது, அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று அந்த நிலையிலும் புத்தர் ஆனந்தரிடம் பொறுப்பு ஒப்படைத்தார்.

இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள குசிநகரத்தில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே புத்தர் படுத்தார். ஆனந்தரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். தாம் இன்னும் கற்று முடிக்காத மாணவன். பரிவு மிக்க ஆசானோ விடைபெறுகிறாரே என்பதே அவருடைய துயரம். இறந்துகொண்டிருந்தவர் அழுதவரைத் தேடி ஆளனுப்பினார். சொல்லாலும் செயலாலும் மனத்தாலும் நெடுங்காலம் அன்போடு பணி செய்தாய் என்று எல்லார் முன்னிலையிலும் அவரைப் பாராட்டினார். பணிவிடை செய்பவருக்கும் ஆறுதல் தேவை என்பதை அந்த நோயாளி அறிந்திருந்தார்.

அன்றிரவு சுபத்தர் என்னும் துறவி ஐயம் கேட்க வந்தார். குருவைத் தொல்லைப்படுத்த வேண்டாம் என்று ஆனந்தர் மும்முறை மறுத்தார். உள்ளிருந்து கேட்ட புத்தர் அவரை விடச் சொன்னார். பின்பு பேச்சு அடங்கி, மௌனத்தில் அவர் உயிர் பிரிந்தது.

வெறுமையான அறையும் ஒரு விடியலும்

ஆனந்தர் சிராவஸ்தியின் ஜேதவனத்துக்குத் திரும்பினார். குரு வாழ்ந்த அறையைத் திறந்து பெருக்கினார். வாடிய மலர்களை அகற்றினார், படுக்கையைச் சரிசெய்தார், தண்ணீர் எடுத்து வைத்தார். ஆள் இல்லாத அறையில் பழைய பணி அப்படியே தொடர்ந்தது. பெற்றோரை இழந்தவர்கள் அவர்களுடைய கட்டிலையும் மாத்திரை டப்பாவையும் பல நாள் எடுக்காமல் வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

போதனைகளைத் தொகுக்க இராஜகிருகத்தில் முதல் சங்கம் கூடியது. மகா காசியபர் தலைமையில் 500 பேர். அவர்களில் ஞான விடுதலை பெறாதவர் ஆனந்தர் ஒருவரே. எல்லாரையும்விட அதிகம் கேட்டவர், அதிகம் நினைவில் வைத்திருந்தவர், ஆனால் வந்து சேரவேண்டிய இடத்துக்கு வந்து சேராதவர்! முந்தின இரவு முழுவதும் அவர் முயன்றார். விடியும் வேளையில் களைத்துப் படுக்கச் சாய்ந்தார். கால் தரையிலிருந்து எழுந்து, தலை தலையணையைத் தொடுமுன் அந்த விடுதலை கிட்டியது என்று மரபு கூறுகிறது.

மறுநாள் போதனைகளை ஓதியவர் அவரே. அந்தக் கூட்டத்தில் அவர்மீது குற்றங்களும் சுமத்தப்பட்டன. பெண்களுக்குத் துறவு வாங்கித் தந்ததும் அவற்றில் ஒன்று. தாம் அதில் தவறு காணவில்லை என்றும், எனினும் மூத்தோர்மீதுள்ள மதிப்பால் பணிவதாகவும் கூறிப் பொறுமையாக ஏற்றார். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனப் பயணி பாஹியான், மதுரா பகுதியில் பெண் துறவியர் ஆனந்தரின் நினைவுத் தூபியை வணங்கி வந்ததைக் குறித்துள்ளார்.

நமக்கு என்ன?

புத்த சமயம் கூறும் விடுதலையும் நாம் அறிக்கையிடும் மீட்பும் ஒன்றல்ல. ஆனால் ஆனந்தர் 25 ஆண்டுகள் காதால் கேட்டது ஒரு பாடம். வேளுவத்திலிருந்து குசிநகரம் வரை உடன் நடந்து கற்றது மற்றொரு பாடம். குணப்படுத்த அவரால் இயலவில்லை, வலியைக் குறைக்க வழி தெரியவில்லை. தண்ணீர் எடுக்கவும் அருகில் இருக்கவும் மட்டுமே முடிந்தது. சிலுவையடியில் நின்ற அன்னையும் ஒரு வார்த்தை பேசியதாக நற்செய்தியில் இல்லை. அவர் நின்றார்.

நம் ஊரில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். ஆர்டர் முடியும்வரை ஷிப்டு தொடரும். ஆகவே நோயுற்ற பெற்றோருக்கு மருந்தும் சாப்பாடும் வைத்துவிட்டு ஓடுகிறோம். இதைக் குறை சொல்ல இயலாது. ஆனால் வேலை முடிந்து வந்த பிறகும் என்ன பேசுவது என்று தெரியாததால் அந்தக் கட்டிலருகே போகாமல் இருந்துவிடுகிறோமே, அதைச் சிந்திக்கவேண்டும். லைன் வீட்டில் காய்ச்சலோடு தனியே படுத்திருக்கும் பீகார் இளைஞனுக்கும் தாய் தந்தை உடன் இல்லை. அவனுடைய மொழி நமக்குத் தெரியாது. கொஞ்சம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க மொழி தேவையா?

இந்த வாரம் நம் வீட்டிலோ தெருவிலோ நோயுற்றிருக்கும் ஒருவரிடம் செல்வோம். அறிவுரை வேண்டாம், அவசரமும் வேண்டாம். பத்து நிமிடம் உடனிருந்து வருவோம்.