கண்ணும் செவியும் – கூரத்தாழ்வான் வைபவம்

காஞ்சீபுரத்திற்கு அருகிலுள்ள கூரத்தில், ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்தவர் கூரத்தாழ்வான். 1010-ஆம் ஆண்டு என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. திருநாமம் ஸ்ரீவத்ஸாங்கர். பெருஞ்செல்வத்தைத் துறந்து, தேவிகள் ஆண்டாளுடன் ஸ்ரீரங்கம் வந்து எம்பெருமானார் திருவடிகளில் ஒதுங்கினார். அந்தச் சரிதத்தை உபந்யாஸங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். அவர் கற்ற விதத்தையே அடியேன் இங்கு விண்ணப்பம் செய்கிறேன்.

ப்ரஹ்மஸூத்ரங்களுக்கு உரை அருளிச்செய்யத் திருவுள்ளம் கொண்ட உடையவர், போதாயன வ்ருத்தி என்னும் பழைய உரையைக் காண ஆழ்வானுடன் காச்மீரம் எழுந்தருளினார். அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த ஸ்ரீகோசத்தை, திரும்பும் வழியிலேயே அவ்வூர்ப் பண்டிதர்கள் ஏவிய ஆட்கள் பறித்துச் சென்றனர். உடையவர் மனம் தளர்ந்தார். இரவுதோறும் ஆசார்யர் கண்வளர்ந்த பின் ஆழ்வான் அதைப் படித்து வந்திருந்தார். முழுவதும் தம் நெஞ்சில் இருப்பதை அப்போதுதான் தெரிவித்தார். பிறகு படிக்கலாம் என்று நாம் எத்தனை நூல்களை அலமாரியில் உறங்க வைத்திருக்கிறோம்!

ஸ்ரீபாஷ்யம் எழுந்தபோது உடையவர் சொல்ல, ஆழ்வான் கேட்டு ஏட்டில் எழுதினார். ஒவ்வாதது ஏதேனும் வந்தால் எழுதாமல் நிறுத்த வேண்டும் என்பது நியமனம். ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லுமிடத்தில், அவன் எம்பெருமானுக்கே உரியவன் என்னும் சேஷத்வத்தை விட்டு, அறிபவன் என்று மட்டும் வந்தது. எழுத்தாணி நின்றது. உடையவர் சீறினார், ஆழ்வான் கலங்கவில்லை. பின்னர் உடையவர் ஆராய்ந்து, ஆழ்வான் கருத்தே பொருந்துவதென்று கண்டு அவ்விடத்தைத் திருத்தியருளினார்.

பாடசாலையில் அடியேன் சந்தை சொன்ன நாட்களில், ஆசார்யர் ஒருமுறை சொன்னதை நாங்கள் இருமுறை சொல்வோம். புத்தகம் பிறகுதான் கைக்கு வரும். செவிவழி வந்த அந்த ஸ்வரம் இன்றும் பிசகுவதில்லை. ஆயினும் கேட்டதைத் திருப்பிச் சொல்வது வேறு, கேட்கும்போதே பொருளை ஆராய்வது வேறு. ஆழ்வானுடைய கை அன்று நின்றதற்கு, வழிநெடுக அவர் கண்விழித்துப் படித்த இரவுகளே காரணம்.

பின்பு சோழமன்னன் உடையவரைத் தேடியபோது, அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்துச் சபைக்குச் சென்று கண்களை இழந்தார். அன்றுமுதல் ஏடு அவருக்கு உதவவில்லை. நெஞ்சில் சேர்த்திருந்ததும் செவியில் விழுவதுமே மிஞ்சின. அந்நிலையில்தான் திருமாலிருஞ்சோலையில் தங்கி, அழகர் விஷயமாக ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார். திருக்குமாரர் பராசர பட்டர் அவரிடமும் எம்பாரிடமும் கேட்டுக் கற்று, ஸஹஸ்ரநாமத்திற்கு பாஷ்யம் இட்டார்.

மேல்நாட்டிலிருந்து திரும்பிய உடையவர், காஞ்சிப் பேரருளாளனிடம் கண்களை வேண்டும்படி நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் விண்ணப்பித்தார். பெருமாள் வரமளிக்க உகந்தபோது, தம் கண்கள் போகக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டுமென்று கேட்டார். கண்களைக் கேட்கவில்லை.