ஓரியூர் செம்மண்ணும் நமது நம்பிக்கையும்: புனித அருளானந்தர் வாழ்வு தரும் பாடம்



திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள், அந்த மலைக்கோட்டையை ஒரு முறையாவது நிமிர்ந்து பார்க்காமல் போவதில்லை. பார்த்தவுடன் தேசிங்கு ராஜன் நினைவுக்கு வருவார். ஆனால் தேசிங்கு மறைவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, செஞ்சி நாட்டின் எல்லையில் காவியுடை அணிந்து, கையில் கோலுடன் ஒரு துறவி நடந்து திரிந்தார். பிறப்பால் போர்த்துகீசியர், பெயரால் தமிழர். அவர்தான் நாம் அருளானந்தர் என்று அழைக்கும் புனித ஜான் டி பிரிட்டோ.

இவருடைய பெயரைக் கேட்டதும் பலருக்கு ஓரியூரின் செம்மண்தான் நினைவுக்கு வரும். அவர் சிந்திய இரத்தத்தால்தான் அந்த மண் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. திருப்பயணம் போகிறவர்கள் அந்த மண்ணை எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். நோயுற்றவர் நெற்றியில் பூசுகிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, அது உண்மையிலேயே இரத்தத்தால் சிவந்த மண்தானா என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? அப்படியே நம்பு என்று அடக்குவதா? எல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்குவதா? இந்த இரண்டுக்கும் நடுவே திருச்சபை காட்டும் வழி ஒன்று உண்டு. அந்த வழியை அருளானந்தரின் வாழ்விலேயே தேடுவோம்.

நேர்ச்சையில் தொடங்கிய அழைத்தல்

அருளானந்தர் 1647 ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். தந்தை சால்வதோர் பிரேசிலில் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்தார். சிறுவன் ஜான் அரண்மனையில் இளவரசர் பேத்ருவுடன் வளர்ந்தார். ஏறத்தாழ பதினொரு வயதில் கடும் நோய் வந்தது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் தாய் பிரித்தஸ் அம்மையார், தூய சவேரியாரிடம் வேண்டி ஒரு நேர்ச்சை செய்தார். மகன் பிழைத்தான். நேர்ச்சைப்படி ஓராண்டு முழுவதும் இயேசு சபையினரின் அங்கியை அணிந்து அரண்மனையில் நடமாடினான். அரண்மனையில் சிலர் கேலி செய்ததாகவும் சொல்வர்.

இதைப் புதுமை என்பதா, நோய் தானாகத் தணிந்தது என்பதா? அன்றைய மருத்துவக் குறிப்புகளைக் கொண்டு இன்று யாரும் உறுதிசெய்ய முடியாது. ஆனால் அந்தச் சிறுவன் நலம்பெற்றதோடு நின்றுவிடவில்லை. 1662 டிசம்பரில், பதினைந்து வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். குருவாகி, மதுரை மறைபரப்புப் பணிக்கு ஆள் தேடி வந்த பல்தசார் தா கோஸ்தா அடிகளாருடன் 1673 இல் கப்பல் ஏறினார். வழியில் கப்பலில் நோய் பரவியது. தா கோஸ்தா அடிகளார் கடலிலேயே இறந்தார். மகனுடைய உயிருக்காக மன்றாடிய தாய், அதே மகனைத் திரும்ப வராத தூரத்துக்கு அனுப்பிவைக்க நேர்ந்தது. பெற்றுக்கொண்ட கொடைக்கு அந்தக் குடும்பம் தந்த மறுமொழி அது.

செஞ்சி எல்லையில் பண்டார சுவாமி

கோவாவில் சில காலம் தங்கிய அவர், 1674 இல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கோலை என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். செஞ்சி நாடும் தஞ்சை நாடும் சந்திக்கும் பகுதி அது. 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவப் போதகர் இராபர்ட் தெ நோபிலி உயர்குலத்தார் மதிக்கும் துறவி வாழ்வைத் தேர்ந்துகொண்டார். பின்னர் தா கோஸ்தா அடிகளார் பண்டார சுவாமி முறையைத் தொடங்கினார். பண்டார சுவாமி எல்லாக் குலத்தாரிடமும் போகலாம், ஏழைகளோடும் பேசலாம். அருளானந்தர் இதைத் தேர்ந்தெடுத்தார். காவியுடை, தாடி, மரக்காலணி, மரக்கறி உணவு, தரையில் படுக்கை. தமிழும் கற்றார்.

அது அமைதியான காலமன்று. ஏறத்தாழ 1675 இல் தஞ்சை, மராட்டியர் வசமானது. 1677 இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். போரும் வெள்ளமும் பஞ்சமும் கொள்ளைநோயும் மக்களை வாட்டின. அப்படிப்பட்ட நாள்களில் ஒரு துறவி ஊருக்குள் வந்தால் மக்கள் எதை எதிர்பார்ப்பார்கள்? நோய் தீர்க்க வேண்டும், பேய் ஓட்ட வேண்டும், மழை வருவிக்க வேண்டும். துறவி என்றாலே சித்து விளையாட வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் பழையது. இன்றும் அது மாறவில்லை.

ஆனால் இந்த எதிர்பார்ப்பை ஆன்மிகப் பெரியோர்கள் எல்லாக் காலத்திலும் ஐயத்தோடுதான் பார்த்திருக்கிறார்கள். 1896 இல் பதினாறு வயது இளைஞர் ஒருவர் விழுப்புரத்தில் ரயிலிலிருந்து இறங்கி, மாம்பழப்பட்டு வரை மீண்டும் ரயிலிலும், அதன்பின் நடந்தும் ரயிலிலுமாகத் திருவண்ணாமலைக்குப் போனார். பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட அவர், சித்திகளை நாடுவது மெய்யான தேடலிலிருந்து மனத்தைத் திருப்பிவிடும் என்று கற்பித்தார். பதஞ்சலியின் யோக சூத்திரமும் சித்திகளைத் தடையாகவே காண்கிறது. பொதுமக்கள் முன் அற்புத ஆற்றலைக் காட்டக் கூடாது என்று புத்தர் தம் துறவியரைத் தடுத்தார். கோவில் உச்சியிலிருந்து குதித்துக் காட்டும்படி அலகை கேட்டபோது நம் ஆண்டவரும் மறுத்தார் (மத் 4:5-7). அடையாளம் ஒன்றைக் காணலாம் என்று ஆசைப்பட்ட ஏரோதின் முன் அவர் வாய் திறக்கவே இல்லை (லூக் 23:8-9). வியப்பைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பது இறைவனின் வழியன்று என்பதில் நம் அயலாரும் நாமும் ஒன்றுபடுகிறோம்.

தடியத்தேவர் நலம்பெற்ற நிகழ்ச்சி

1686 இல் மறவ நாட்டில் போதித்தபோது அருளானந்தரும் வேதியர்களும் கைதாயினர். அவரை அடித்தார்கள், விலங்கிட்டார்கள், நீரில் அமிழ்த்தினார்கள். விலங்குகள் தாமாகக் கழன்று விழவில்லை. இனி அந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற ஆணையுடன் இராமநாதபுரம் சேதுபதி அவரை விடுவித்தார். சபை அலுவலாக அவர் போர்த்துகல் சென்றபோது, மன்னராகிவிட்ட பழைய தோழர் பேத்ரு அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அவர் இசையவில்லை. 1690 இல் மீண்டும் இந்தியா வந்தார்.

இங்கேதான் அவருடைய வாழ்வில் மிகவும் பேசப்படும் புதுமை வருகிறது. சேதுபதி குடும்பத்தைச் சார்ந்த தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தார். அருளானந்தரை அழைத்தார். அருளானந்தர் தாம் போகாமல் ஒரு வேதியரை அனுப்பினார். வேதியர் நோயாளிக்கருகில் நற்செய்தியை வாசித்து மன்றாடினார். தடியத்தேவர் எழுந்தார்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, புனிதர் அந்த இடத்திலேயே இல்லை. மந்திரமோ தாயத்தோ இல்லை. வேதியர் ஒருவரின் மன்றாட்டும் இறைவார்த்தையும்தான் இருந்தன. இரண்டாவது, நலம்பெற்றவர் உடனே திருமுழுக்குக் கேட்டபோது அருளானந்தர் அவசரப்படவில்லை. அரச குடும்பத்தார் ஒருவர் சேர்கிறார் என்றால் மறைக்கு எவ்வளவு செல்வாக்கு! அந்தப் புதுமையைப் பறைசாற்றியிருந்தால் எத்தனை பேர் திரண்டிருப்பர்! ஆனால் அவர் தடியத்தேவரின் வாழ்க்கையைப் பார்த்தார். பல மனைவியரை உடையவர் ஒருவரை மட்டும் ஏற்று வாழ முன்வர வேண்டும் என்றார். தேவர் இணங்கினார். 1693 சனவரி 6, ஆண்டவருடைய திருக்காட்சி விழாவன்று திருமுழுக்குப் பெற்றார்.

உடல் நலம் பெற்றது கொடை. மனம் மாறியதே அருளானந்தர் எதிர்பார்த்த அடையாளம். அதற்கு விலை இருந்தது. விலக்கப்பட்ட மனைவியருள் கடலாயி, சேதுபதியின் நெருங்கிய உறவினர். அவர் முறையிட்டார். இரண்டே நாள்களில், சனவரி 8 அன்று, அருளானந்தர் கைதானார். ஒருவர் நலம்பெற்றார், அதன் காரணமாகவே மற்றவர் உயிரிழந்தார். புதுமை நம்மைத் துன்பத்திலிருந்து காக்கும் கவசம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஓரியூரில் நடந்தது

இராமநாதபுரத்திலிருந்து அவரை ஓரியூருக்கு, சேதுபதியின் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பினார்கள். உடையத்தேவர் தாமே நோயாளி. தம்மையும் குணமாக்கும்படி அவர் கேட்டதாகவும், உயிரும் நலமும் இறைவன் கையில் உள்ளவை, தம் கையில் அல்ல என்று அருளானந்தர் மறுமொழி சொன்னதாகவும் வரலாறு எழுதியவர்கள் கூறுவர். ஒரு சொல்லில் உயிர் தப்பியிருக்கலாம். குணமாக்குகிறேன் என்று வாக்களித்து நாள் கடத்தியிருக்கலாம். இல்லாத ஆற்றலை இருப்பதாகக் காட்டிக்கொள்ள அவர் உடன்படவில்லை. உண்மையைச் சொல்லிச் சாவைத் தேர்ந்துகொண்டார்.

சிறையில் மையில்லை. கரியை நீரில் கரைத்துத் தம் உடன்துறவியருக்குக் கடைசி மடல் எழுதினார். சாவை மகிழ்ச்சியோடு எதிர்நோக்கியிருப்பதாகத் தெரிவித்தார். 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. அவ்வாண்டு அது திருநீற்றுப் புதன். மனிதன் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புவான் என்று திருச்சபை நினைவூட்டும் நாளில் அவருடைய இரத்தம் மண்ணில் விழுந்தது.

இனிச் செம்மண்ணுக்கு வருவோம். தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பகுதிகளில் செம்மணல் தேரிகள் உண்டு. மணலின் மேல் இரும்பு ஆக்சைடு படிவதால் அந்த நிறம் வருகிறது. ஆகவே, ஓரியூர் மண் இரத்தத்தால் சிவந்தது என்பதை வேதியியல் உண்மையாக ஏற்க வேண்டும் என்று எந்தக் கத்தோலிக்கருக்கும் கட்டாயமில்லை. ஆனால் அந்த மண்ணில் ஒருவர் உண்மையாகவே இரத்தம் சிந்தினார். அது வரலாறு. மண்ணின் நிறத்தைக் கண்டு மக்கள் அந்த இரத்தத்தை நினைக்கிறார்கள். கிறிஸ்தவர் மட்டுமல்ல, இந்து சகோதரர்களும் அங்கே வந்து முடியிறக்கி, பொங்கி உண்டு, நேர்ச்சை செலுத்துகிறார்கள். மண் மாறியதா என்பதைவிட, மண்ணைத் தொட்டவர் மாறினாரா என்பதே முக்கியம்.

திருச்சபை எப்படிப் பார்க்கிறது?

அருளானந்தரைப் புனிதராக்கும் பணி எளிதாக முடியவில்லை. மலபார் சடங்குமுறைகள் பற்றிய தகராறு குறுக்கே நின்றது. அவர் கைக்கொண்ட வழக்கங்கள் அவருடைய மறைசாட்சியத்துக்குத் தடையல்ல என்று 1741 இல் தீர்ப்பளித்தவர் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட். புனிதர் பட்டப் பணிகள் பற்றிப் பெரிய நூலை எழுதியவரும் இவரே. நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், மருந்தால் தீர்ந்ததாக இருக்கக் கூடாது, குணம் உடனடியாகவும் முழுமையாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும் என்ற அளவுகோல்களை அவர் வகுத்தார். அருளானந்தர் 1853 இல் அருளாளராகவும் 1947 சூன் 22 அன்று புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

இன்றும் புனிதர் பட்டத்துக்கான குணமளித்தல்களை மருத்துவ வல்லுநர் குழு முதலில் ஆராய்கிறது. 2016 இல் வந்த விதிகளின்படி, ஏழு பேர் கொண்ட குழுவில் குறைந்தது ஐவர் இசைய வேண்டும். லூர்து நகரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணமளித்தல்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் திருச்சபை புதுமை என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். புதுமைகள் நடக்கவே முடியாது என்பதை 1870 இல் முதல் வத்திக்கான் சங்கம் மறுத்தது. அதே திருச்சபைதான் கேள்விப்பட்டதையெல்லாம் நம்பிவிடாமல் இவ்வளவு சோதிக்கிறது. ஆண்டவரின் உயிர்ப்பை நம் விசுவாசத்தின் அடித்தளமாக ஏற்கிறோம். ஆராய்ந்து ஏற்கப்பட்ட புதுமைகளை நன்றியோடு மதிக்கிறோம். பக்தி மரபுகளை அன்போடு காக்கிறோம். இம்மூன்றையும் ஒரே தட்டில் வைப்பதில்தான் குழப்பம் பிறக்கிறது.

இக்குழப்பம் வெறும் கருத்துப் பிழை அல்ல. நம் ஊர்களில் குணமளிக்கும் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளைப் பார்க்கிறோம். செபித்தாயிற்று என்று சர்க்கரை நோய்க்கும் காசநோய்க்கும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. குணமாகாதபோது உன் விசுவாசம் போதவில்லை என்ற பழிச்சொல் வேறு. நோயின் வேதனையோடு குற்ற உணர்வையும் சுமக்கும் அந்தத் தாய் யாரிடம் போவாள்? மருத்துவரை மதிக்கவும், அவரைப் படைத்தவர் ஆண்டவரே என்று உணரவும் சீராக்கின் ஞானம் கற்பிக்கிறது (சீஞா 38). செபமும் மருந்தும் எதிரிகள் அல்ல.

ஆகவே அந்தச் சிறுவனிடம் நாம் அச்சமின்றிப் பேசலாம். மண் ஏன் சிவந்தது என்பதை மண்ணியல் ஆசிரியரிடம் கேள், அந்த மண்ணில் ஒருவர் ஏன் மண்டியிட்டுத் தலை கொடுத்தார் என்பதை எங்களிடம் கேள் என்று சொல்லலாம். நோயுற்றவருக்கு ஓரியூர் மண்ணைப் பூசும் கை, அடுத்த வேளை மாத்திரையையும் எடுத்துக் கொடுக்கட்டும். நலம் கிடைத்தால் நன்றி கூறுவோம், கிடைக்காவிட்டாலும் அவர் கையை விடாதிருப்போம். இல்லாத ஆற்றலைத் தமதென்று சொல்லாமல் உண்மைக்காக உயிர் தந்த புனித அருளானந்தர், அதற்கான உறுதியை நமக்குப் பெற்றுத் தருவாராக. ஆமென்.