ஊரை விட்டுப் போகாத பாதிரியார்

இங்கிலாந்து நாட்டின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் என்று ஒரு மாவட்டம் உண்டு. அங்கே செல்போர்ன் என்பது ஒரு சின்னக் கிராமம். லண்டன் நகரில் இருந்து சுமார் 50 மைல் தூரத்தில் இருக்கிறது.

அந்த ஊரில் கோட்டை கிடையாது. அரண்மனை கிடையாது. பெரிய போர் நடந்த இடமும் அல்ல. ஒரே ஒரு நீண்ட தெரு. தெருவின் ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்த செங்குத்தான குன்று. மறுபக்கம் ஒரு பழைய தேவாலயம், வயல்கள், ஓடைகள். அவ்வளவுதான்.

ஆனாலும், பல நாடுகளில் இருந்து மக்கள் அந்த ஊரைத் தேடி வருகிறார்கள். 200 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்த ஒரு பாதிரியார்தான் அதற்குக் காரணம். அவர் பெயர் கில்பர்ட் ஒயிட்.

அவர் நாடு பிடித்தவர் அல்ல. புதிய கண்டம் கண்டவரும் அல்ல. பிறந்த ஊரை உற்றுப் பார்த்தார். பார்த்ததை எழுதி வைத்தார். அதனால் உலகப் புகழ் பெற்றார்.

கிடைக்காத பதவி

கில்பர்ட் ஒயிட் 1720-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி செல்போர்னில் பிறந்தார். அவருடைய தாத்தா அந்த ஊர்த் தேவாலயத்தின் தலைமைப் பாதிரியார். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர்.

வாலிபரான ஒயிட், ஆக்ஸ்போர்டு நகரில் ஓரியல் கல்லூரியில் படித்தார். பாதிரியார் ஆனார். தாத்தா இருந்த பதவியில் தாமும் இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அது நிறைவேறவே இல்லை.

காரணம் வேடிக்கையானது. செல்போர்ன் தலைமைப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை, மாடலின் என்ற வேறொரு கல்லூரியிடம் இருந்தது. ஒயிட் படித்ததோ ஓரியல் கல்லூரி. ஆகவே சொந்த ஊரில் அந்தப் பதவி அவருக்குக் கிடைக்க வழியே இல்லை.

ஓரியல் கல்லூரியின் தலைவர் பதவிக்கு 1757-ம் ஆண்டில் முயன்று பார்த்தார். அதிலும் தோல்வி. வெளியூர்களில் நல்ல வருமானம் உள்ள பதவிகள் வந்தன. போனால் செல்போர்னை விட்டுப் போகவேண்டும். அவர் போகவில்லை.

தொலைவில் இருந்த ஓர் ஊரின் பாதிரியார் பதவியைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, அங்கே வேலைக்கு வேறு ஆளை அமர்த்தியிருந்தார். அந்தக் காலத்தில் அது வழக்கம். மற்றபடி, செல்போர்னிலும் பக்கத்து ஊரிலும் உதவிப் பாதிரியாராகவே இருந்தார். திருமணமும் செய்துகொள்ளவில்லை.

ஊரே பள்ளிக்கூடம்

குதிரை வண்டிப் பயணம் ஒயிட்டின் உடம்புக்கு ஆகாது. ஆகவே குதிரை மேல் ஏறியோ, நடந்தோ சுற்றுவார். வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றில் ஏறுவது கஷ்டமாக இருந்தது. 1753-ம் ஆண்டில் அவரும் அவர் தம்பி ஜானும் சேர்ந்து, பாம்பு போல் வளைந்து வளைந்து மேலே செல்லும் ஒரு பாதையை வெட்டினார்கள். அந்தப் பாதையில் இன்றும் மக்கள் ஏறுகிறார்கள்.

ஊரைச் சுற்றியுள்ள பழைய சாலைகள் விசித்திரமானவை. வண்டிகளும் மழை நீரும் பல நூறு ஆண்டுகளாக அறுத்து அறுத்து, சில இடங்களில் வயல் மட்டத்துக்கு 16 அடி, 18 அடி கீழே இறங்கிவிட்டன. இரண்டு பக்கமும் மரங்களின் வேர்கள் தொங்கும். அந்தச் சாலைகளில் ஒயிட் நிதானமாக நடப்பார். நிற்பார். காது கொடுத்துக் கேட்பார்.

வீட்டுக்கு வந்ததும் எழுதுவார். இன்று எவ்வளவு மழை பெய்தது? எந்தப் பூ பூத்தது? எந்தப் பறவை வந்தது? 1768-ம் ஆண்டில் தொடங்கிய அந்த இயற்கை நாட்குறிப்பை, 25 ஆண்டுகள், சாகும் வரை எழுதினார்.

குருவியும் எலியும்

பச்சை நிறச் சிறு குருவி ஒன்று கோடையில் அந்த ஊருக்கு வரும். எல்லாம் ஒரே இனம் என்றே மக்கள் நினைத்தார்கள். ஒயிட் காது கொடுத்துக் கேட்டார். பாட்டு மூன்று விதமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தார். இறக்கையிலும் காலிலும் வேறுபாடு தெரிந்தது. அவை மூன்று தனித்தனி இனங்கள் என்று காட்டினார்.

கோதுமை வயலில் ஒரு சின்னஞ்சிறு எலியைக் கண்டார். அதன் கூடு கிரிக்கெட் பந்து போல் உருண்டை. உள்ளே எட்டுக் குஞ்சுகள். வளர்ந்த எலிகள் இரண்டைத் தராசில் வைத்தார். இரண்டும் சேர்ந்து ஓர் அரைப் பென்னி செப்புக்காசின் எடையே இருந்தன! பிரிட்டனில் அந்த எலியைப் பற்றி முதலில் எழுதியவர் அவரே.

மண்புழுவைக் கண்டால் விவசாயிகளுக்குப் பிடிக்காது. பயிரைக் கெடுக்கும் என்று நினைத்தார்கள். ஒயிட் அதை மறுத்தார். புழு மண்ணைத் துளைக்கிறது. காற்றும் மழை நீரும் உள்ளே போக வழி செய்கிறது. இலைகளை மண்ணுக்குள் இழுத்து உரமாக்குகிறது. அது இல்லாவிட்டால் நிலம் இறுகிப்போகும் என்று விளக்கினார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு விஞ்ஞானி டார்வின் மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

ஏழை வீட்டு விளக்கு

ஒயிட் பறவைகளை மட்டும் பார்க்கவில்லை. மனிதர்களையும் பார்த்தார். 1783-ம் ஆண்டு அவர் எழுதிய கணக்கின்படி அந்த ஊர் வட்டாரத்தில் 136 குடும்பங்கள், 676 பேர். அவர்களில் பலர் ஏழைகள்.

மெழுகுவர்த்தி வாங்க வசதி இல்லாதவர்கள், கோரைத் தண்டை உரித்து, உலர்த்தி, கொழுப்பில் தோய்த்துத் திரியாக எரித்தார்கள். ஒயிட் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். இரண்டடிக்குச் சற்று அதிக நீளமுள்ள ஒரு திரி, 57 நிமிடம் எரிந்தது. கால் பென்னி செலவில் ஏழைக் குடும்பம் ஐந்தரை மணி நேரம் வெளிச்சம் பெறலாம் என்று கண்டார். படித்தவர்கள் இதை எல்லாம் எழுதவேண்டிய விஷயம் என்றே நினைக்காத காலம் அது.

1783-ம் ஆண்டு கோடையில் ஒரு விபரீதம் நடந்தது. பல நாட்கள் வானம் முழுவதும் புகை மூட்டம். நடுப்பகலிலும் சூரியன் மங்கிக் கிடந்தது. மக்கள் நடுங்கினார்கள். ஒயிட் நாள்தோறும் அதைக் குறித்து வைத்தார். ஐஸ்லாந்து தீவில் எரிமலை வெடித்ததால் வந்த புகை அது என்று பிற்காலத்தில் தெளிவாயிற்று.

ஆமை செய்த பயணம்

ஒயிட்டின் அத்தை ஒருவர் ஓர் ஆமை வளர்த்தார். அதன் பெயர் தீமோத்தி. 1780-ம் ஆண்டு அத்தை இறந்ததும், மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆமையைத் தோண்டி எடுத்து, வண்டியில் ஏற்றி, 80 மைல் தூரம் செல்போர்னுக்குக் கொண்டுவந்தார்.

அது எப்போது தூங்குகிறது, எப்போது விழிக்கிறது, என்ன தின்கிறது என்று எல்லாம் எழுதினார். எடை போட்டும் பார்த்தார். அவர் இறந்த பிறகும் அது சில மாதங்கள் வாழ்ந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். ஆண் பெயர் சூட்டப்பட்ட தீமோத்தி, ஒரு பெண் ஆமை!

விடை தெரியாத கேள்வி

ஒரு கேள்வி மட்டும் ஒயிட்டைக் கடைசி வரை வாட்டியது. கோடையில் தகைவிலான் குருவிகள் வருகின்றன. குளிர்காலம் வந்ததும் காணாமல் போகின்றன. எங்கே போகின்றன?

அவை பொந்துகளிலும், குளத்து நீருக்கு அடியிலும் தூங்குகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். ஜிப்ரால்டரில் இருந்த தம்பி ஜானோ, குருவிகள் கடலைக் கடந்து பறப்பதைப் பார்த்து எழுதினார். ஆனால் குளிர்காலத்தில்கூட, வெயில் அடிக்கும் நாளில், ஒன்றிரண்டு குருவிகள் செல்போர்னில் தென்பட்டன. சில குருவிகளாவது ஊரிலேயே ஒளிந்திருக்குமோ?

ஒயிட் ஆட்களை அனுப்பிப் புதர்களிலும் பொந்துகளிலும் தேடச் சொன்னார். கூரைகளையும் பார்த்தார். ஒரு குருவியும் அகப்படவில்லை. ஆயினும் சந்தேகம் தீரவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக அவர் எழுதவில்லை. இரண்டு பக்கச் சான்றுகளையும் அப்படியே எழுதினார்.

விடை வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1911-ம் ஆண்டு இங்கிலாந்தில் காலில் வளையம் மாட்டி விடப்பட்ட ஒரு தகைவிலான், 1912-ம் ஆண்டு டிசம்பரில் தென் ஆப்பிரிக்காவில் அகப்பட்டது. பிறந்த ஊரை விட்டுப் போகாத மனிதர் உற்றுப் பார்த்த குருவி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மைல் போய் வந்துகொண்டிருந்தது!

புத்தகம்

தாம் கண்டதை ஒயிட், இயற்கை ஆராய்ச்சியாளர் பென்னன்டுக்கும், நீதிபதி பாரிங்டனுக்கும் கடிதங்களாக எழுதிவந்தார். அவற்றைப் புத்தகமாக்கச் சொல்லி நண்பர்கள் தூண்டினார்கள். அவர் தயங்கினார். ஏறக்குறைய 70 வயதில், 1789-ம் ஆண்டில், செல்போர்னின் இயற்கை வரலாறு வெளிவந்தது. லண்டனில் புத்தக வியாபாரம் செய்த அவருடைய தம்பி பெஞ்சமின் அதை வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை அந்தப் புத்தகம் அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

சின்னக் கல்லறை

1793-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி ஒயிட் காலமானார். வயது 72. தம்மைச் சுமந்து செல்ல, பிள்ளைகள் அதிகம் உள்ள ஆறு கூலித் தொழிலாளர்களை அமர்த்தி, அவர்களுக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார்.

தேவாலயத்தின் பக்கத்தில், அவர் அளந்து பார்த்த, 23 அடி சுற்றளவுள்ள ஒரு மிகப் பழைய யூ மரம் நின்றது. 1990-ம் ஆண்டு ஜனவரியில் வீசிய புயலில் அது விழுந்துவிட்டது. அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

அங்கே வருகிறவர்கள் அவருடைய கல்லறையைத் தேடுவார்கள். எளிதில் கண்ணில் படாது. புல் தரையில் ஒரு சின்னக் கல். அதில் அவர் பெயரின் இரண்டு முதல் எழுத்துகளும், இறந்த தேதியும் மட்டுமே இருக்கின்றன. தலைமைப் பாதிரியார் பதவி கிடைக்காமல் போனவர் அவர். ஆனால் செல்போர்ன் என்றால் இன்று உலகம் நினைப்பது அவரைத்தான்.