நாவலப்பிட்டியில் பிறந்த பிள்ளை

இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தேயிலைச் சரிவுகளும் லைன் வீடுகளும் புதியன அல்ல. அவர்களுடைய முன்னோர் பிழைப்பைத் தேடித் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலிருந்து இம்மலைகளுக்கு ஏறி வந்தனர். அவ்வாறே வேறு பல குடும்பங்கள் கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்றன. அங்கே கண்டிக்குத் தெற்கே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நாவலப்பிட்டி என்னும் ஊர் உள்ளது. 1917-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் அவ்வூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த கோபால மேனனும் சத்தியபாமாவும் அக்குழந்தையின் பெற்றோர். இராமச்சந்திரன் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் எம்.ஜி.ஆர். என்று நாடறிந்தவர் இவரே.

இராமச்சந்திரனுக்கு மூன்று வயது நிரம்புவதற்கு முன்பே தந்தை மறைந்தார். உடன்பிறந்தோர் சிலரும் இளமையிலேயே இறந்தனர். எஞ்சியவர்கள் தாயும், மூத்த மகன் சக்கரபாணியும், இளைய மகன் இராமச்சந்திரனும் மட்டுமே. வருவாய் தருவார் இல்லாத அக்குடும்பத்தைப் பசி பற்றிக்கொண்டது. அழுவதைத் தவிர வேறொன்றும் அறியாத அந்த வயதில், பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் இரக்கப்பட்டு ஒரு கலயம் அரிசிக் கஞ்சி கொடுத்தார். அக்கஞ்சி கிடைக்காமல் போயிருந்தால் தம் குடும்பம் பிழைத்திருக்காது என்று பிற்காலத்தில் எம்.ஜி.ஆர். பலர் அறியக் கூறினார்.

இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் கும்பகோணத்தில் குடியேறியது. தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுவர் இருவரும் ஆனையடிப் பள்ளியில் சேர்ந்தனர். வீட்டிற்குள் மலையாளம், வீதியில் தமிழ் என்று இரு மொழிகளுக்கிடையே அவர்கள் வளர்ந்தனர். சூரியநெல்லிப் பிள்ளைகளுக்கு இந்நிலை தலைகீழாக அமைந்துள்ளது. அவர்களுக்கு வீட்டில் தமிழ். பேருந்திலும் அலுவலகங்களிலும் மலையாளம்.

ஆனையடிப் பள்ளியில் இராமச்சந்திரனின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. படிப்பில் மனம் செல்லாமையன்று; வயிறு நிறையாமையே காரணம். அக்காலத்தில் சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் நடத்தும் குழுக்கள் இருந்தன. அவற்றைப் பாய்ஸ் கம்பெனி என்பர். அங்கே சேரும் சிறுவனுக்கு உணவும் உடையும் உறுதியாகக் கிடைக்கும். மகன் பள்ளியில் இருந்தால் பட்டினி. நாடகத்திற்குச் சென்றால் சோறு. ஆனால் தாயோடு இருக்க இயலாது. இவ்விரண்டில் ஒன்றைச் சத்தியபாமா தேர்ந்தாக வேண்டியிருந்தது. ஏழு வயதை ஒட்டிய இராமச்சந்திரனும் அவர் அண்ணனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டனர்.

அங்கு வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. சிறுவர்கள் ஒரே கூடத்தில் உறங்கி, விடியற்காலையில் எழுந்து, பாட்டும் வசனமும் பயின்றனர். தவறினால் அடியும் விழும். காளி என். ரத்தினம் போன்ற ஆசிரியர்களிடம் இராமச்சந்திரன் நடிப்புக் கற்றார். பெண் வேடங்களும் பூண்டார். பள்ளி கற்பிக்காத தமிழை அவருக்கு நாடக மேடையே கற்பித்தது. நீண்ட வசனங்களைப் பிழையின்றி மனப்பாடம் செய்து, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி ஒலிக்க வேண்டும். அந்தப் பயிற்சியில்தான் வீட்டு மொழி அல்லாத தமிழ் அவருடைய சொந்த மொழி ஆயிற்று.

நாடகத்திலிருந்து திரைப்படத்திற்கு வந்தபோதும் வெற்றி உடனே கிட்டவில்லை. 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதியில் சிறிய காவல்துறை வேடம் ஒன்று கிடைத்தது. அதன்பின் 11 ஆண்டுகள் சின்னஞ்சிறு வேடங்களிலேயே கழிந்தன. 1947-இல் ராஜகுமாரி படத்தில் முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்தபோது அவருக்கு வயது 30. மலைக்கள்ளன், நாடோடி மன்னன் முதலிய படங்கள் அவரை உச்சத்திற்குக் கொண்டு சென்றன. படகோட்டியாகவும் விவசாயியாகவும் ரிக்‌ஷாக்காரராகவும் அவர் நடித்த படங்களை உழைக்கும் மக்கள் தம் கதையாகவே கண்டனர். மழையில் நனைந்து வண்டி இழுத்த சென்னை ரிக்‌ஷாத் தொழிலாளர்களுக்கு அவர் மழைக்கோட்டு வழங்கினார். இராமாவரம் தோட்டத்து வீட்டிற்கு வருவோர் உணவு உண்ணாமல் திரும்பியதில்லை என்பர்.

1967-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் அவர் கழுத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார்; ஆனால் குரல் பழுதுபட்டது. வசனத்தால் வளர்ந்த நடிகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. தடுமாறும் அக்குரலோடுதான் அவர் மேலும் பத்தாண்டுகள் நடித்தார், மேடைகளில் பேசினார், 1972-இல் தனிக்கட்சி தொடங்கினார், 1977-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார்.

அரசியலில் அவரை எதிர்த்தோர் அவருடைய பிறப்பை அடிக்கடி சுட்டிக்காட்டினர். வெளியிலிருந்து வந்தவர், மலையாளி என்பன போன்ற சொற்கள் அவரைத் தொடர்ந்தன. அவருடைய ஆட்சியில் தமிழுக்குச் செய்யப்பட்ட பணிகள் அச்சொற்களைவிட நீண்ட காலம் நிலைத்தன. தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தோன்றியது. அதற்கு முன்பே, 1978-இல், பெரியார் பரிந்துரைத்து வந்த எழுத்துச் சீர்திருத்தம் அரசாணை ஆயிற்று. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் பழைய வடிவத்தை விட்டு இன்றைய எளிய வடிவத்தைப் பெற்றன. பழைய நூல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் யானையின் துதிக்கை போல் வளைந்த குறியோடு அன்றைய லை, னை எழுத்துகளைக் காணலாம். இந்தப் பயிற்சி நூலில் மாணவர் எழுதிப் பழகும் வடிவங்கள், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரின் ஆட்சியில் நடைமுறைக்கு வந்தவை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் எண்ணம் எம்.ஜி.ஆருக்கு முன்பும் தமிழ்நாட்டில் இருந்தது. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் சிற்றுண்டி வழங்கப்பட்டது. 1950-களில் காமராசர் மதிய உணவைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றார். எனினும் எல்லாப் பிள்ளைகளையும் அது எட்டவில்லை. 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமப்புறத்தில் 2 வயது முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. சில மாதங்களில் நகரங்களுக்கும், 1984-இல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் திட்டம் விரிந்தது.

இவ்வளவு செலவை அரசு தாங்குமா என்று அதிகாரிகளும் பொருளியல் அறிந்தோரும் ஐயுற்றனர். வாக்குகளைப் பெறுவதற்கான வழி இது என்று சிலர் பழித்தனர். எம்.ஜி.ஆர். கணக்குகளை எடுத்துக்காட்டி விடை சொல்லவில்லை. தம் குழந்தைப் பருவப் பசியையும் கஞ்சி கொடுத்த பெண்மணியையும் நினைவுகூர்ந்தார். சத்துணவு மையங்களில் பணியாற்ற ஆதரவற்ற பெண்களுக்கும் கணவனை இழந்தோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. சத்தியபாமாவைப் போன்ற ஒரு தாய்க்கு வேலையும், அவருடைய மகனுக்குப் பள்ளியிலேயே சோறும் ஒரே திட்டத்தில் கிடைத்தன. சோற்றுக்காகப் பள்ளியை விட வேண்டிய கட்டாயம் பல இலட்சம் குடும்பங்களில் நீங்கியது. அவருடைய ஆட்சியின் பிற செயல்களைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. சத்துணவைக் கைவிட அவருக்குப் பின்வந்த எந்த அரசும் முன்வரவில்லை. 2001-இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது.

1984-இல் நோயுற்ற எம்.ஜி.ஆருக்குப் பேச்சு மேலும் குன்றியது. 1987-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அவர் மறைந்தார். மறுஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. தம் உயிலில், இராமாவரம் தோட்டத்துச் சொத்தைக் காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளின் கல்விக்குப் பயன்படுமாறு அவர் ஒதுக்கியிருந்தார். அப்பள்ளி இன்றும் அங்கே நடைபெறுகிறது.

அவர் குடும்பத்தின் பழைய வீடு பாலக்காடு மாவட்டத்து வடவன்னூரில் உள்ளது. அதைப் புதுப்பித்து 2019-இல் நினைவில்லமாகத் திறந்தனர். அதற்கு முன்பு, சிறு குழந்தைகள் கூடி விளையாடி, பாடம் கேட்டு, உணவு உண்ணும் அங்கன்வாடி ஒன்று அவ்வீட்டில் இயங்கி வந்தது.