காற்றைக் கட்டிய கால்நடை மருத்துவர்



சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், சிங்கப்பூரிலே சுவா சூ காங் என்னும் பகுதியில் வாழும் என் தங்கை இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஒருநாள் காலை மைத்துனர் எங்களைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு லிட்டில் இந்தியாவிற்குப் புறப்பட்டார். இரண்டு தெருக்களைக் கடப்பதற்குள், ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்கு ஒளிர்ந்தது. குதிரை லாடம் போன்ற ஓர் உருவம்; அதன் நடுவே ஒரு வியப்புக்குறி. சக்கரம் ஒன்றில் காற்று குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளமாம்.

மைத்துனர் பதறவில்லை. வேகத்தை மெல்லக் குறைத்தார். விரைவுச்சாலையில் ஏறாமல், அருகிலிருந்த பெட்ரோல் நிலையத்திற்குள் வண்டியைத் திருப்பினார். கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளில் 230 கிலோபாஸ்கல் என்று அச்சிட்டிருந்தது. பின்பக்கத்து இடச் சக்கரத்தில் இருந்ததோ 160தான். மாற்றுச் சக்கரத்தைப் பொருத்திவிடலாமே என்று எண்ணி, நான் வண்டியின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு பம்பும் ஒரு புட்டிப் பசையுமே கிடந்தன. எடையையும் இடத்தையும் குறைக்கும்பொருட்டு, புதிய கார்கள் பலவற்றில் இப்போது மாற்றுச் சக்கரம் வைப்பதில்லையாம்! பழைய மனிதனாகிய எனக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றவில்லை.

காற்றை நிரப்பிக்கொண்டு, மெதுவாக ஒரு டயர் கடையை அடைந்தோம். முறை வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. தொடக்கநிலை ஐந்தில் பயிலும் என் தங்கை மகன், சக்கரத்திற்குள் காற்றை அடைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் யார் என்று என்னைக் கேட்டான். அன்று அக்கடை வாசலில் அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இங்கு உங்களுக்கும் எழுதுகின்றேன்.

அவர் பெயர் ஜான் பாய்டு டன்லப். ஸ்காட்லாந்து நாட்டிலே டிரெக்ஹார்ன் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில், 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்று பெற்றோர் சொல்லி வளர்த்தமையால், உடலை வருத்தாமல் வாழவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. எனினும் அவர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார்! எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்று, பத்தொன்பதாம் வயதிலேயே தேர்ச்சி பெற்றார். பின்னர் 1867இல் அயர்லாந்து சென்று டவுன்பேட்ரிக் நகரிலும், அதன்பின் பெல்பாஸ்ட் நகரிலும் மருத்துவம் பார்த்தார். குதிரைகளே வண்டி இழுத்த காலம் அது. ஆகவே அவருக்கு வேலைக்குக் குறைவே இல்லை. அயர்லாந்திலேயே பெரிய கால்நடை மருத்துவ நிலையங்களுள் ஒன்றாக அவருடையது வளர்ந்தது.

பெல்பாஸ்ட் தெருக்கள் கருங்கற்கள் பாவப்பட்டவை. வண்டிச் சக்கரங்களோ இரும்புப் பட்டையோ கெட்டி ரப்பரோ பூண்டவை. அக்கற்களின்மீது செல்லும் வண்டிகள் எழுப்பும் ஓசையையும், அவற்றில் அமர்ந்தோர் பட்ட குலுக்கலையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். டன்லப்பின் மகன் ஜானிக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவனிடம் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று இருந்தது. அதில் ஏறித் தெருவைச் சுற்றி வந்தால் உடலெல்லாம் நோகிறது என்று அவன் தந்தையிடம் முறையிட்டான். பிள்ளைகள் முறையிடுவது உலக வழக்கம். அதைக் காதில் வாங்கிக்கொண்டு கருவிகளை எடுக்கும் தந்தையர் மிகச் சிலரே.

1887ஆம் ஆண்டு அக்டோபரில், தம் வீட்டு முற்றத்திலேயே அவர் ஆய்வைத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்றடிக் குறுக்களவு கொண்ட ஒரு மரத்தட்டை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, அதனை மரத்தட்டின் விளிம்பில் சுற்றித் துணியால் பொதிந்து இறுக்கி, உள்ளே காற்றை ஏற்றினார். பிறகு ஜானியின் வண்டியிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் சிறிது தொலைவு உருண்டு சாய்ந்து விழுந்தது. காற்றுக் குழாய் பூண்ட மரத்தட்டோ முற்றத்தின் கோடிவரை ஓடி, வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பித் துள்ளியது!

இங்கு நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தேடியது குலுக்கலுக்கு ஒரு மருந்து. கிடைத்ததோ அதற்கும் மேலானது. கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லின்மீதும் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் வண்டி தூக்கியெறியப்பட்டு ஓட்டத்தின் ஆற்றல் வீணாகிறது. காற்றுச் சக்கரம் அந்தக் கல்லைத் தன்னுள்ளே வாங்கிக்கொள்கிறது. ஆகவே அது மென்மையாகச் செல்வதோடு விரைவாகவும் செல்கிறது. மென்மையானது விரையாது என்றே அதுவரை உலகம் எண்ணியிருந்தது.

1888ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் டன்லப்பிற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 18ஆம் நாள், பெல்பாஸ்ட் குவீன்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் வில்லி ஹியூம் என்னும் மிதிவண்டி வீரர் காற்று நிறைந்த சக்கரங்களோடு களமிறங்கினார். பருத்த அச்சக்கரங்களைக் கண்டு கூடியிருந்தோர் நகைத்தனராம். ஹியூம் நான்கு பந்தயங்களில் கலந்துகொண்டு நான்கிலும் வென்றார், நகைப்பு அடங்கிற்று. தோற்றவர்களுள் ஹார்வி டூ குரோஸ் என்னும் வணிகரின் மைந்தரும் இருந்தனர். அவ்வணிகரே முன்னின்று, 1889இல் டப்ளின் நகரில் காற்று டயர் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். டன்லப் தம் உரிமையைச் சிறு தொகைக்கும் சில பங்குகளுக்கும் அந்நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்.

அதன்பின் வந்தது ஓர் இடி. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், இதே எண்ணத்திற்கு 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பது 1890இல் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான். லண்டன் பூங்காவொன்றில் குதிரைவண்டிச் சக்கரங்களில் தோலுறையிட்ட காற்றுக் குழாய்களைப் பொருத்தி ஓட்டியும் காட்டியிருந்தார். ஆனால் அக்காலத்தில் மிதிவண்டியும் இல்லை, மோட்டார் வண்டியும் இல்லை. வாங்குவாரின்றி அவருடைய சக்கரம் மறக்கப்பட்டது. டன்லப் அதனை அறியாமலேயே தம் சக்கரத்தைச் செய்தார். எனினும் சட்டத்தின் முன் அவருடைய காப்புரிமை செல்லாததாயிற்று. முதலில் கண்டவர் தாம்சன். ஆனால் உலகத்தின் கையில் அதைக் கொடுத்தவர் டன்லப்பே என்பது என் கருத்து. இருவர் பெயரையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடைத்த காற்று ஒருநாள் வெளியேறியே தீரும் அல்லவா? டன்லப் செய்த முதற் சக்கரங்களில் டயர் வளையத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டை விழுந்தால் அதைப் பிரித்தெடுப்பதே பெரும் பாடு. வெல்ச், பார்ட்லெட் ஆகியோர் 1890இலும், பிரெஞ்சு நாட்டு மிச்செலின் சகோதரர் 1891இலும் கழற்றி மாட்டத்தக்க டயர்களை அமைத்தனர். தொடக்க கால மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரம் என்பதே இல்லை. முள்ளோ ஆணியோ குத்தினால் நடுத்தெருவில் அமர்ந்து ஒட்டுப்போட வேண்டியதுதான். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி என்னும் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், காற்று நிரப்பிய மாற்று வளையம் ஒன்றைச் செய்து விற்றனர். பழுதுற்ற சக்கரத்தின்மேல் அதனை இறுக்கிக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். தமிழ்நாட்டில் ஓட்டுநர்கள் இன்றும் மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்றே அழைக்கின்றனர். எங்கோ இருக்கும் ஒரு தெருவின் பெயர் நம் மொழியில் புகுந்த வழி இதுவே!

காற்று குறைந்த சக்கரத்தோடு ஓடினால் என்ன என்று தங்கை மகன் இடையில் கேட்டான். காற்று குறைந்தால் டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி நிமிரும். கம்பியைப் பலமுறை வளைத்தால் சூடேறுவதுபோல, அவையும் சூடேறும். சூடு மிகுந்தால் டயர் வெடித்துவிடும். மஞ்சள் விளக்கு அதனை முன்கூட்டியே உரைக்கின்றது. சில வண்டிகளில் சக்கரத்தினுள்ளே இருக்கும் சிறு கருவி அழுத்தத்தை அளந்து சொல்கிறது. வேறு சிலவற்றில் சக்கரங்களின் சுழற்சி எண்ணப்படுகிறது. காற்று குறைந்த சக்கரம் சற்றே சிறுத்து, மற்றவற்றைவிட விரைவாகச் சுழல்வதால் அது காட்டிக்கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2007 முதலும், ஐரோப்பாவில் 2014 முதலும், புதிய கார்களில் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது.

விளக்கு எரிந்தால், உங்கள் தந்தையார் வண்டியைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்ல ஓரங்கட்டட்டும். ஓடி நின்ற டயர் சூடாக இருக்கும். சூட்டில் அழுத்தம் கூடித் தெரியும் என்பதால், ஆறிய பின் அளப்பதே சரி. மாற்றுச் சக்கரம் இருந்தால் சமதரையில் நிறுத்தி, அனைவரும் இறங்கிச் சாலையைவிட்டு விலகி நின்றபின் மாற்றவேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே திருகுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, அதன்பின்னரே ஜாக்கியால் தூக்கவேண்டும். சிறுத்த மாற்றுச் சக்கரமாயின் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது. அந்த மாற்றுச் சக்கரத்திலேயே காற்றில்லாமல் திண்டாடியவர்களை நான் கண்டிருக்கின்றேன்.

இனி, நம் தோட்டத்தோடு இவ்வரலாறு எவ்வாறு சேர்கிறது என்பதைச் சொல்கின்றேன்.

டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888ஆம் ஆண்டில்தான், ஹென்றி ரிட்லி என்னும் ஆங்கிலேயர் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த 22 ரப்பர்க் கன்றுகள் 1877இலேயே சிங்கப்பூருக்கு வந்திருந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி, ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு, காணும் தோட்டக்காரர்களிடமெல்லாம் கொடுத்தார். பைத்தியக்கார ரிட்லி என்று அவரை எள்ளினர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் முதன்முதலாக வாணிக நோக்கில் நட்டார். மோட்டார் கார் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் போதவில்லை, விலை ஏறியது, காடுகள் சாய்ந்தன. கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று நம் பாட்டன் பாட்டியரைக் கப்பலேற்றி அழைத்துவந்தனர். டன்லப்பின் பெயர் தாங்கிய நிறுவனமும் 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கலாயிற்று. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த சுவா சூ காங்கிலும் ஒருகாலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்ப்பார். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை. அந்தப் பால் எங்கே போகிறது என்று ஒருநாள் நான் கேட்டபோது, கிராணியார் ஸ்டோருக்குப் போகிறது என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. ஒரு சிறுவனின் உடல்நோவைத் தீர்க்கத் தொடங்கிய செயல், எத்தனை ஆயிரம் தாய்மாரை இருட்டில் எழுப்பியது என்பதை எண்ணும்போது என் நெஞ்சம் கனக்கின்றது. அதற்காக டன்லப்பைக் குறை கூறவும் இயலவில்லை. கூலியைத் தீர்மானித்தவர் அவரல்லரே.

அவரும் பெருஞ்செல்வர் ஆகிவிடவில்லை. 1895இல் நிறுவனத்தைவிட்டு விலகினார். மறு ஆண்டே அந்நிறுவனம் 30 இலட்சம் பவுனுக்கு விற்கப்பட்டது. அப்பெருந்தொகை பிறரைச் சேர்ந்தது. அவர் டப்ளினில் அமைதியாக வாழ்ந்தார். விளம்பரங்களில், நீண்ட தொப்பியும் கைத்தடியுமாக, தமக்குச் சிறிதும் பொருந்தாத பகட்டான உருவில் தம்மைத் தீட்டியதைக் கண்டு மனம் வருந்தி, தம் பெயரையே தாங்கிய நிறுவனத்தின்மீது அவர் வழக்கும் தொடுத்தார். 1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், எண்பத்தொன்றாம் வயதில் டப்ளினில் காலமானார். காற்றுச் சக்கரம் பிறந்த கதையை அவரே எழுதிவைத்திருந்தார். அவர் மறைந்தபின் அவருடைய மகள் அதனை நூலாக வெளியிட்டார்.

நான் இவ்வளவும் சொல்லி முடிக்கையில் எங்கள் முறை வந்தது. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். ஓரிடத்தில் குமிழிகள் வரிசையாக எழும்பின. அங்கிருந்து, ஒரு விரலளவுகூட இல்லாத சிறிய ஆணி ஒன்றைக் குறட்டினால் பிடுங்கினார். தங்கை மகன் அதனைக் கேட்டு வாங்கித் தாளில் மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.