டூமாஸ் வீதியில் இல்லாத டூமா: ‘23ஆம் புலிகேசி’யின் கொள்ளுத்தாத்தா யார் தெரியுமா?

‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ பார்க்காதவங்க நம்ம ஊரில் குறைவு. அரண்மனையில் வளர்ந்த பொம்மை ராஜா ஒருத்தர், வெளியில் வளர்ந்த புத்திசாலி தம்பி ஒருத்தர். இருவருக்கும் ஒரே முகம். ஆள் மாறினதும் அரண்மனையே குழம்பும், நாம விழுந்து விழுந்து சிரிப்போம். 2006இல் வந்த இந்தப் படம், தமிழ் சினிமாவில் பல தலைமுறையா ஓடிக்கிட்டிருக்கும் ‘இரட்டை இளவரசர்’ கதையின் கிண்டல் வடிவம்.

அந்தக் கதையின் வேரைத் தேடிப் போனால் பாரிஸ் வருகிறது. அங்கே இருப்பவர் அலெக்சாந்தர் டூமா. 19ஆம் நூற்றாண்டில் உலகமே வரிசையில் நின்று படித்த நாவலாசிரியர். ஆள்மாறாட்டக் கதைகளின் மன்னர். வேடிக்கை என்னன்னா, அவரையே நம்ம பக்கத்தில் பலர் ஆள் மாற்றித்தான் புரிஞ்சு வெச்சிருக்காங்க.

புதுச்சேரி டூமாஸ் வீதி இவர் பெயரிலா?

இல்லை. புதுச்சேரி கடற்கரைப் பக்கம் நடந்தவர்கள் டூமாஸ் வீதிப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது நாவலாசிரியர் பெயர் இல்லை. 1735 முதல் 1741 வரை அங்கே கவர்னராக இருந்த பெனுவா டூமாவின் பெயர். பிரெஞ்சில் கடைசி ‘ஸ்’ ஒலிக்காது, அதனால் நம்ம ஊர் ‘டூமாஸ்’ அவங்க ஊரில் வெறும் ‘டூமா’.

காரைக்கால்காரர்களுக்கு இந்தக் கவர்னர் கொஞ்சம் முக்கியமானவர். 1739இல் தஞ்சாவூர் அரசிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது இவர் காலத்தில்தான். அதன் பிறகு 1954 நவம்பர் 1 வரை, இடையில் சில வருஷம் ஆங்கிலேயர் பிடியில் இருந்ததைத் தவிர, அது பிரெஞ்சு ஊர்.

கவர்னருக்கும் எழுத்தாளருக்கும் ஒரே பெயர் என்பதைத் தவிர வேறு ஒட்டுறவு இல்லை. சொல்லப்போனால், ‘டூமா’ என்ற பெயர் எழுத்தாளரின் குடும்பத்துக்கு வந்ததே தனிக்கதை. அந்தக் கதை தெரிஞ்சால்தான் அவருடைய இரட்டையர்கள் புரிவார்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஒரு அடிமைப் பெண்ணிடமிருந்து. இன்றைய ஹைட்டி அப்போது சான் டொமாங் என்ற பிரெஞ்சுக் காலனி. கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் நிறைந்த தீவு. அங்கே போய்ச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுப் பிரபுவுக்கும், மரி செசெத் டூமா என்ற கறுப்பினப் பெண்ணுக்கும் 1762இல் ஒரு மகன் பிறந்தான். பிரபு ஊர் திரும்ப முடிவு செய்தபோது கையில் காசில்லை. என்ன செய்தார்? பெற்ற மகனையே அடமானம் மாதிரி விற்று, அந்தப் பணத்தில் கப்பல் ஏறினார். சொத்து கைக்கு வந்த பிறகு மகனை மீட்டு பிரான்சுக்கு வரவழைத்தார்.

அந்தப் பையன் பிரபுவின் மகனாக பாரிசில் வளர்ந்தான். ஆனால் 1786இல் சாதாரணச் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தபோது, குடும்பப் பெயரை அவ்வளவு கீழ்ப் பதவியில் போடக் கூடாது என்று அப்பா தடுத்துவிட்டார். மகன் அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டான். அந்த ‘டூமா’ என்ற பெயரிலேயே, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஜெனரல் பதவி வரை உயர்ந்தான்.

நெப்போலியனுடன் எகிப்து படையெடுப்புக்குப் போன ஜெனரல் டூமா அவருடன் முரண்பட்டார். ஊர் திரும்பும் வழியில் நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தில் சிக்கி, சுமார் இரண்டு வருஷம் சிறையில் கிடந்து உடல் நொந்து திரும்பினார். நெப்போலியன் அரசு கைகொடுக்கவில்லை.

1802 மே மாதம், புரட்சி ஒழித்த அடிமைமுறையை காலனிகளில் தொடர நெப்போலியன் அரசு சட்டம் போட்டது. இரண்டே மாதத்தில், ஜூலை 24 அன்று, வில்லேர் கொத்தரே என்ற சிற்றூரில் ஜெனரலுக்கு மகன் பிறந்தான். அவர்தான் நம்ம கதாநாயகன். ஒரு பக்கத் தாத்தா பிரபு, பாட்டி அடிமை. ஒரே உடம்பில் இரண்டு வம்சம். மகனுக்கு நாலு வயசுகூட ஆகாத நிலையில், 1806இல் ஜெனரல் இறந்தார். விதவைத் தாய்க்கு பென்ஷன் கிடையாது.

ஏழைப் பையன் எப்படி ஸ்டார் ஆனான்?

அழகான கையெழுத்தால். பெரிசா படிப்பு இல்லை, ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். 20 வயசில் பாரிஸ் போனவருக்கு, அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் சிபாரிசில் ஓர்லேயான் டியூக்கின் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பகலில் நகலெடுப்பது, ராத்திரியில் நாடகம் எழுதுவது. 1829இல் மூன்றாம் ஹென்றி மன்னரைப் பற்றிய இவருடைய நாடகம் மேடையேறியது. ஒரே ராத்திரியில் ஊரறிந்த ஆள் ஆகிவிட்டார்.

அடுத்த திருப்பம் தினசரிப் பத்திரிகைகளிடமிருந்து வந்தது. 1830களின் பாதியில் பாரிசில் மலிவு விலைத் தினசரிகள் தொடங்கின. வாசகரை நாளைக்கும் வாங்க வைக்க ஒரு வழி வேணும். தொடர்கதை! நம்ம வார இதழ்களில் ‘தொடரும்’ போட்டு இழுத்தடித்த அதே உத்திதான். வரிக்கணக்கில் சம்பளம். 1844 மார்ச்சில் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ தொடங்கியது. அந்த வருஷமே ‘மான்ட்டி கிறிஸ்டோ பிரபு’வும் தொடங்கியது. செய்யாத குற்றத்துக்குச் சிறைப்பட்டவன் வேறு ஆளாகத் திரும்பி வந்து பழிவாங்கும் அந்தக் கதையின் சாயல், இன்றைய மாஸ் படங்கள் வரை தெரிகிறது.

இரட்டையர்கள் எப்போது வந்தார்கள்?

அதே 1844இல் வந்த சின்ன நாவல் ‘கார்சிகன் சகோதரர்கள்’. ஒட்டிப் பிறந்து, கத்தியால் பிரிக்கப்பட்ட இரட்டையர்கள். ஒருத்தனுக்கு அடிபட்டால் எங்கேயோ இருக்கும் இன்னொருத்தனுக்கு வலிக்கும்.

இரண்டாவது, 1847 முதல் 1850 வரை வந்த மஸ்கட்டியர் தொடரின் கடைசிப் பாகம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்தில் முகமூடி போட்ட ஒரு கைதி இருந்தார், 1703இல் பாஸ்டில் சிறையில் இறந்தார் என்பது வரலாறு. அவர் ராஜாவின் சகோதரர் என்பது டூமாவுக்கு முன்பே உலவிய வதந்தி. டூமா அதை எடுத்து ஊதிப் பெருக்கினார். ராஜாவுக்கு ஒரு இரட்டைச் சகோதரன், அவனைச் சிறையிலிருந்து எடுத்துச் சிம்மாசனத்தில் உட்கார வைக்கும் சதி, கொஞ்ச நேரம் யாருக்குமே தெரியாத ஆள்மாறாட்டம்.

இந்த இரண்டு கதைகளும் ஹாலிவுட் வழியாகத் தமிழுக்கு வந்தன. 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘உத்தமபுத்திரன்’ எடுத்தது. டி.ஆர்.சுந்தரம் இயக்கம், இரண்டு வேடத்தில் பி.யு.சின்னப்பா. தமிழ்ப் பேசும் படத்தின் முதல் இரட்டை வேடம் என்று இதைத்தான் சொல்வார்கள். 1949இல் ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’. கார்சிகன் கதை அப்படியே, எம்.கே.ராதா இரட்டை வேடத்தில், ஜோடி பானுமதி. 1958இல் ‘உத்தமபுத்திரன்’ மறுபடி வந்தபோது பார்த்திபனும் விக்ரமனும் சிவாஜி. 1971இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ கதை எம்.ஜி.ஆரின் ‘நீரும் நெருப்பும்’ ஆனது. (1989இல் கமல் எடுத்துக்கொண்டது தலைப்பை மட்டும்தான்.) கடைசியில் வடிவேலு வந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கலாய்த்தார்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். நம்ம படங்களில் நல்ல இரட்டையன் ஜெயிப்பான், அரண்மனையும் காதலியும் கிடைக்கும், சுபம். டூமாவின் நாவலில் அப்படி இல்லை. சதி உடைகிறது. ஒரு தப்பும் செய்யாத சகோதரன் முகத்தில் இரும்பு மாட்டப்பட்டு மறுபடி சிறைக்குப் போகிறான். ஒரே ரத்தம், ஒரே முகம். ஒருத்தனுக்குக் கிரீடம், இன்னொருத்தனுக்கு முகமூடி. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பிரபுவின் பேரனாகவும் அடிமையின் பேரனாகவும் ஒரே நேரத்தில் பிறந்தவர் எழுதியது என்று நினைத்துப் படித்தால், அந்த முடிவு வேற மாதிரி உறுத்தும்.

நிறத்தைப் பற்றி அவர் எழுதவே இல்லையா?

எழுதினார். 1843இல் வந்த ‘ஜார்ஜ்’ நாவல் நேரடியாக அதைப் பேசுகிறது. கதை நடப்பது நமக்குப் பழக்கமான மொரீஷியசில். நாயகன் கலப்பினத்தவன், வெள்ளைக்காரர்களின் அவமதிப்பை எதிர்த்து நிற்பவன். அவனுடைய அண்ணனோ அடிமைக் கப்பல் தலைவன். ஒரே வீடு, இரண்டு பாதை.

வெளியே ஏச்சும் குறையவில்லை. சுருட்டை முடி, நிறம், பரம்பரை எல்லாவற்றையும் பத்திரிகைகள் கேலிச்சித்திரமாக்கின. 1845இல் ஒருத்தர் இவரை ‘நாவல் தொழிற்சாலை’ நடத்துபவர் என்று இனவெறி வசையோடு துண்டுப்பிரசுரம் போட்டார். டூமா வழக்குப் போட்டு, எழுதியவருக்குச் சிறைத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்.

தொழிற்சாலைக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லையா?

கொஞ்சம் இருந்தது, அதையும் சொல்லணும். அவருடைய பெரிய நாவல்கள் பலவற்றில் ஒகுஸ்த் மக்கே என்ற வரலாற்று ஆசிரியர் கூட்டாளி. மக்கே ஆராய்ச்சி செய்து முதல் வரைவு தருவார், டூமா அதை வாங்கி உயிர் கொடுப்பார். அட்டையில் டூமா பெயர் மட்டும்தான். பின்னாடி இருவரும் பிரிந்து வழக்கு நடந்தது. மக்கேவுக்குப் பணம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. முகமூடிக் கைதியைப் பற்றி எழுதியவரே இன்னொருத்தரை அட்டைக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்.

சம்பாதித்ததைவிட அதிகமாகச் செலவழித்தார். பாரிசுக்கு வெளியே ‘மான்ட்டி கிறிஸ்டோ’ என்றே பெயர் வைத்து மாளிகை கட்டினார். ரெண்டே வருஷத்தில் அது கடனுக்குப் போனது. 1851இல் கடன்காரர்களுக்குப் பயந்து பெல்ஜியத்துக்கு ஓடினார். 1860இல் இத்தாலியில் கரிபால்டியின் படைக்குத் துப்பாக்கி வாங்க உதவினார். அந்தப் படை கவிழ்த்தது எதை? அவருடைய அப்பாவைச் சிறையில் வைத்த அதே நேப்பிள்ஸ் அரச வம்சத்தை.

மகனுக்கும் அதே பெயர், அதே தொழில். வெர்டியின் ‘லா திராவியாட்டா’ ஓபராவுக்கு மூலக்கதை எழுதியவர் மகன் டூமா. அப்பாவா பிள்ளையா என்ற குழப்பம் இன்றுவரை தீரவில்லை. 1870 டிசம்பர் 5 அன்று, பிரஷ்யப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தியெப் நகருக்குப் பக்கத்தில் அந்த மகன் வீட்டில்தான் அப்பா இறந்தார்.

இதில் காரைக்காலுக்கு என்ன?

1848இல் பிரான்ஸ் அடிமைமுறையை இரண்டாவது முறையாக ஒழித்தது. தோட்டங்களில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஆள் எங்கிருந்து போனார்கள்? புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும். 1853இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த வருஷம் குவாதலூப்பில். டூமாவின் பாட்டி உழைத்த அதே கரீபியன் கடல், அதே கரும்பு. ஒப்பந்தக் கூலிகள் என்று பெயர் மட்டும் வேறு. டெல்டா ஊர்களின் முத்துசாமிகளும் சிதம்பரங்களும் பிரெஞ்சு எழுத்தில் திரிந்த பெயர்களோடு அங்கே வேர்விட்டார்கள். குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923 வரை நீண்டு வென்றது.

டூமாவுக்கு அங்கீகாரம் வர இன்னும் அதிக காலம் ஆனது. இறந்து 132 வருஷம் கழித்து, 2002 நவம்பர் 30 அன்று, மஸ்கட்டியர் வேடமிட்ட வீரர்கள் சூழ அவருடைய சவப்பெட்டி பாரிசின் பாந்தியோனுக்குப் போனது. விக்டர் ஹ்யூகோவும் எமில் ஸோலாவும் இருக்கும் அதே அறையில் இடம்.

பாரிசின் ஒரு சதுக்கத்தில் அப்பா டூமாவுக்கும் பிள்ளை டூமாவுக்கும் சிலைகள் உண்டு. ஜெனரல் தாத்தாவுக்கும் ஒரு சிலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அதைப் பெயர்த்து உருக்கிவிட்டார்கள். 2009இல் அவர் நினைவாக அங்கே புதிதாக வைத்தது முகம் உள்ள சிலை இல்லை. உடைந்த சங்கிலியோடு இரண்டு பெரிய கைவிலங்குகள்.

அடுத்த முறை டிவியில் புலிகேசி ஓடும்போது வழக்கம் போலச் சிரியுங்க. அரண்மனைக்கு வெளியே வளர்ந்த அந்த இன்னொரு தம்பி வரும்போது மட்டும், இந்தத் தாத்தாவைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.