வருமான வரியை எதிர்த்துப் பதவியை இழந்த சென்னை ஆளுநர்: யார் இந்த சார்லஸ் டிரெவெலியன்?

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 24-ஆம் தேதியை வருமான வரித்துறை வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறது. 1860-ல் அதே தேதியில்தான் இந்தியாவில் முதல் வருமான வரி நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த ஜேம்ஸ் வில்சன் பெயரைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால், இந்த வரியே வேண்டாம் என்று எழுதி, அதனாலேயே பதவியைப் பறிகொடுத்த ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் ஏதோ ஒரு சின்ன அதிகாரி இல்லை, சென்னை மாகாணத்தின் ஆளுநர்.

பெயர் சார்லஸ் எட்வர்ட் டிரெவெலியன். அவரைத் திரும்ப அழைக்க முடிவெடுத்தது லண்டனில் இருந்த பிரிட்டிஷ் அரசு. 5 வருஷம் கழித்து அதே வரி முடிவுக்கு வந்தபோது, இந்தியாவின் நிதிப் பொறுப்பில் உட்கார்ந்திருந்தவரும் இவரேதான். எப்படி நடந்தது இது? பார்க்கலாம்.

டெல்லியில் தொடங்கிய பழக்கம்

இங்கிலாந்தின் டான்டன் நகரில் 1807 ஏப்ரல் 2-ஆம் தேதி பிறந்தவர் டிரெவெலியன். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்காக நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு, 1826-ல் வங்காளப் பணிக்கு வந்தார். அடுத்த வருஷமே டெல்லியில் வேலை.

அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் சர் எட்வர்ட் கோல்புரூக். கம்பெனியின் மூத்த அதிகாரிகளில் ஒருவர். அவர் லஞ்சம் வாங்குகிறார் என்று 1829-ல் டிரெவெலியன் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அப்போது இவருக்கு வயது 22. வேலைக்குச் சேர்ந்து 3 வருஷம்தான் ஆகியிருந்தது. விசாரணையில் குற்றச்சாட்டு நிரூபணமாகி, கோல்புரூக் பதவி நீக்கம் செய்யப்பட்டார். மேலே இருக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, தவறு என்று பட்டால் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்து அவர் கை வைத்தது உள்நாட்டுச் சுங்கத்தில். அப்போது ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சரக்கு போக வேண்டும் என்றால், வழியெல்லாம் சாவடிகளில் வரி கட்ட வேண்டும். இதனால் வியாபாரமே படுத்துவிடுகிறது என்று அவர் விரிவான அறிக்கை எழுதினார். வங்காளத்தில் 1836-ல் அந்த வரி ஒழிந்தது. சென்னை மாகாணத்தில் 1844-ல் ஒழிந்தது.

அயர்லாந்தில் அழியாத கறை

லண்டன் திரும்பிய டிரெவெலியன், 1840-ல் பிரிட்டிஷ் கருவூலத்தின் உயர் அதிகாரி ஆனார். அரசுப் பணம் ஒவ்வொரு பைசாவும் எங்கே போகிறது என்று பார்க்கிற வேலை. 19 வருஷம் அதில் இருந்தார்.

அந்தக் காலத்தில்தான் அயர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. 1845-லிருந்து உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போனது. நிவாரணச் செலவுக்குப் பொறுப்பாக இருந்தவர் இவர். அரசு அதிகமாகக் கொடுத்தால் மக்கள் உழைக்க மாட்டார்கள், சந்தை தானாகச் சரி செய்துகொள்ளும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. கஜானாவை இறுக்கிப் பிடித்தார். பஞ்சத்திலும் நோயிலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் சுமார் 10 லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள். இத்தனைக்கும் அவர் ஒருவர் மட்டும் காரணம் இல்லை என்று வாதிடும் வரலாற்று ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அயர்லாந்து மக்கள் மனதில் டிரெவெலியன் என்ற பெயர் இன்றைக்கும் கசப்பான பெயர்தான்.

இன்னொரு பக்கம், நார்த்கோட் என்பவரோடு சேர்ந்து இவர் எழுதிய அறிக்கை 1854-ல் வெளியானது. சிபாரிசில் வேலை கொடுக்கக் கூடாது, போட்டித் தேர்வு வைத்துத்தான் அரசு வேலைக்கு ஆள் எடுக்க வேண்டும் என்று சொன்ன அறிக்கை அது. அதைக் கேட்டு வாங்கியவர் அப்போதைய நிதியமைச்சர் கிளாட்ஸ்டன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சென்னைக்கு வந்தார்

1859 மார்ச்சில் டிரெவெலியன் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். இருந்தது சுமார் 14 மாதம்தான். அதற்குள் நிறைய வேலைகள். சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் 1859-ல் வந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவை உருவாக்கினார். இன்றைய ரிப்பன் மாளிகையும் நேரு ஸ்டேடியமும் நிற்பது அந்தப் பூங்காவின் நிலத்தில்தான்.

வரி ஏன் வந்தது? யாருக்கு எவ்வளவு?

1857 கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷார் கோடிக்கணக்கில் செலவு செய்திருந்தார்கள். கடன் ஏறிப்போய்க் கிடந்தது. கணக்கைச் சரிக்கட்ட லண்டன் அனுப்பிய ஆள்தான் ஜேம்ஸ் வில்சன். எகானமிஸ்ட் பத்திரிகையை 1843-ல் தொடங்கியவர். பிரிட்டிஷ் கருவூலத்தில் டிரெவெலியனோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தவரும்கூட. 1859 நவம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார்.

1860-ல் அவர் தந்த நிதித் திட்டத்தில் வருமான வரி, தொழில் உரிம வரி, புகையிலை வரி என மூன்று இருந்தன. வருமான வரிக் கணக்கு இதுதான்:

வருஷத்துக்கு 200 ரூபாய்க்குக் கீழ் வருமானம் என்றால் வரி இல்லை.
200 முதல் 500 ரூபாய் வரை என்றால் 2 சதவீதம்.
500 ரூபாய்க்கு மேல் என்றால் 4 சதவீதம்.

அதாவது மாதம் சுமார் 17 ரூபாய் சம்பாதிக்கிற ஒரு குமாஸ்தாவோ கடைக்காரரோகூட வரி வளையத்துக்குள் வந்துவிடுவார்.

கடலூரில் உண்டு, நல்லவாட்டில் இல்லை

இங்கே ஒரு சுவாரஸ்யம். புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரம் இருக்கிற நல்லவாடு, உள்ளே இருக்கிற பாகூர், வில்லியனூர் எல்லாம் அப்போது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. அதே கடற்கரையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கடலூர், அது பிரிட்டிஷ் பகுதி. அதனால் 1860-ன் வருமான வரி கடலூர் வியாபாரிக்கு உண்டு, பாகூர் வியாபாரிக்குக் கிடையாது.

அதற்காக லண்டன் முடிவுகள் பிரெஞ்சு எல்லையைத் தாண்டவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உப்பு விஷயத்தில் தாண்டின. 1815-ல் லண்டனில் போட்ட ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வணிக உரிமை பிரிட்டிஷார் கைக்குப் போனது. பதிலுக்கு பிரான்சுக்கு வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். பிரிட்டிஷாரின் உப்பு வருமானத்துக்குப் போட்டி வரக் கூடாது என்பதுதான் நோக்கம்.

வருமான வரி புதுச்சேரிக்கு வந்தது எப்போது தெரியுமா? 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. அதற்குப் பிறகு, 1963 ஏப்ரல் 1 முதல்தான் இந்திய வருமான வரிச் சட்டம் அங்கே அமலானது. கடலூருக்கு வந்து 103 வருஷம் கழித்து!

சரி, மறுபடி 1860-க்குப் போவோம்.

ஆளுநர் ஏன் எதிர்த்தார்?

டிரெவெலியனின் வாதம் எளிமையானது. வருமானம் போதவில்லை என்றால் முதலில் செலவைக் குறையுங்கள், முக்கியமாக ராணுவச் செலவைக் குறையுங்கள். புது வரி போடுவது கடைசி வழியாக இருக்கட்டும். 1857-ல் வடக்கு பற்றி எரிந்தபோது சென்னை மாகாணம் அமைதியாக இருந்தது. அமைதியாக இருந்தவர்கள் தலையில் இந்தச் சுமையை ஏற்றினால் அங்கேயும் வெறுப்புதான் வளரும். இங்கிலாந்துக்குப் பொருந்துகிற வரி இந்த நாட்டுக்குப் பொருந்தாது. இதுதான் சுருக்கம்.

வருமான வரி என்றால் ஒருவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அதிகாரி வீட்டுக்குள் புகுந்து விசாரிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கிறவன் என்றாலே என்ன பயம் இருந்தது என்பதற்கு அரசின் ஆவணமே சாட்சி. வரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரித்த ஆணையம், அது உண்மைதான் என்று 1855-ல் அறிக்கை கொடுத்தது. ஆளைக் குனிய வைத்துக் கட்டிப் போடுகிற அண்ணாந்தாள், விரல்களை நசுக்குகிற கிட்டி எல்லாம் அந்த அறிக்கையில் பதிவாகி இருக்கின்றன. அது வெளிவந்து 5 வருஷம்தான் ஆகியிருந்தது.

இன்னொன்று. இந்த வரியை நிறைவேற்றிய கல்கத்தா சட்ட அவையில் அப்போது ஓர் இந்தியர்கூட உறுப்பினராக இல்லை. வரி கட்டப் போகிறவர்கள் சார்பில் எழுந்து பேச அங்கே ஆளே கிடையாது.

லண்டன் என்ன செய்தது?

எதிர்ப்பைக் கோப்புக்குள் எழுதி அனுப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. டிரெவெலியன் அதோடு நிற்கவில்லை. சங்கேதக் குறி எதுவும் இல்லாமல், தந்தி ஆபீஸில் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி கல்கத்தாவுக்குத் தந்தி அடித்தார். அவருடைய எதிர்ப்புக் குறிப்புகள் பத்திரிகைகளிலும் வெளியாகின. மத்திய அரசு போடுகிற வரியை ஒரு மாகாண ஆளுநரே தப்பு என்கிறார் என்ற செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

லண்டனில் அப்போது பிரதமர் பாமர்ஸ்டன். இந்தியாவுக்கான அமைச்சர் சார்லஸ் வுட். நிதியமைச்சர், நாம் முன்னால் பார்த்த அதே கிளாட்ஸ்டன். டிரெவெலியனை நன்றாகத் தெரிந்தவர்கள், அவருடைய திறமையை மதித்தவர்கள்தான் இவர்கள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்ன கணக்கு சரியா தப்பா என்பது இப்போது பிரச்சினை இல்லை. ஓர் ஆளுநர் வெளிப்படையாக எதிர்த்தால், 1857 முடிந்த கையோடு ஆட்சியின் அதிகாரம் ஆட்டம் காணும் என்பதுதான் அவர்கள் கவலை. 1860 மே மாதம் திரும்ப அழைக்கும் முடிவு வந்தது. ஜூனில் டிரெவெலியன் பதவியை விட்டு இறங்கினார்.

அடுத்த சில வாரங்களில் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. அவருக்குப் பதிலாக ஜூலையில் வந்த சர் ஹென்றி வார்ட், ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலரா வந்து சென்னையில் இறந்தார். வரியைக் கொண்டுவந்த வில்சனும் ஆகஸ்ட் 11-ல் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்தார். வரி அமலுக்கு வந்து மூன்று வாரம்கூட முழுசாக ஆகவில்லை.

மறுபடி வந்தார்

வில்சனுக்குப் பின் வந்த சாமுவேல் லெயிங் காலத்தில், 1862-ல், வரி விலக்கு வரம்பு 500 ரூபாய் ஆனது. சின்ன வருமானக்காரர்கள் தப்பித்தார்கள். லெயிங்குக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு லண்டன் யாரை அனுப்பியது? டிரெவெலியனை! திரும்ப அழைத்தபோது இருந்த அதே பிரதமர், அதே இந்திய அமைச்சர். 1863 தொடக்கத்தில் கல்கத்தா வந்தார்.

அந்த வருஷமே 4 சதவீத வரி 3 சதவீதமாகக் குறைந்தது. சட்டப்படி வருமான வரிக்கு 5 வருஷம்தான் ஆயுள். 1865-ல் அது முடிந்தபோது டிரெவெலியன் அதை நீட்டிக்கவில்லை. பதிலுக்குச் சில ஏற்றுமதிப் பொருட்கள் மேல் வரி போடப் பார்த்தார். பிரிட்டிஷ் வியாபாரிகளைத் தொடுகிற வரி அது. அதை லண்டன் ரத்து செய்துவிட்டது. உடல்நலம் கெட்டு, அதே வருஷம் அவர் இங்கிலாந்து திரும்பினார்.

நல்லவரா, கெட்டவரா?

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அயர்லாந்திலும் சென்னையிலும் அவர் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே கொள்கைதான்: அரசு செலவைக் குறைக்க வேண்டும். சென்னையில் அது புது வரியிலிருந்து மக்களைக் காப்பாற்றப் பார்த்தது. அயர்லாந்தில் பசித்தவன் தட்டிலிருந்தே சோற்றை எடுத்தது. கஜானாவைக் காப்பது நல்லதா கெட்டதா என்பது, அந்தப் பணம் யாருக்குத் தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அதை டிரெவெலியன் கடைசிவரை ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் முடிவுக்குக் கொண்டுவந்த வருமான வரி, 1867-லிருந்து வேறு வேறு பெயர்களில் வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியில் 1886-ல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தது. இந்த முறை அது நிலைத்துவிட்டது. அதே 1886-ல், ஜூன் 19-ஆம் தேதி, லண்டனில் 79 வயதில் டிரெவெலியன் காலமானார்.